கலக்காமல் எடுத்த பால்

பால் லாரியின் மூடியைத் திறந்து, மேலாக ஒரு கரண்டி அள்ளிச் சோதனைக்குக் கொண்டுவந்து நீட்டினால் லேபக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிடும். "கலக்குனியா?" என்பாள். எதிரே நிற்பது ஓட்டுநரா மேலாளரா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். "கலக்காம எடுத்தா அதுக்குப் பேரு பால் இல்ல. போ, நீளக் கம்பிய விட்டு அடி வரைக்கும் கலக்கிட்டு அப்புறம் எடு." கொழுப்பு மேலே மிதக்கும், அடியில் தண்ணீராகக் கிடக்கும், மேலே அள்ளினால் ஒரு கணக்கு, கீழே அள்ளினால் இன்னொரு கணக்கு. லாரி என்னவோ ஒன்றுதான். இதைப் பதினோரு வருஷமாக அந்தப் பால் நிலையத்தில் அவள் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தாள்.

சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது. சோதனை அறையில், அதாவது லேபில், இருக்கும் அக்கா என்பதால் லேபக்கா என்றால்தான் தெரியும். கண்ணாடிக் குழாயில் அமிலத்தை விட்டு, அதன் மேல் பாலை விட்டு, அடைத்துக் குலுக்கி, இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுவாள். பிறகு வெந்நீரில் நிறுத்தினால் குழாயின் கழுத்தில் மஞ்சளாக ஒரு பட்டை தெளிந்து நிற்கும். அதுதான் கொழுப்பு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அவள் ஒரு எண்ணைச் சொன்னால் சொன்னதுதான். பாலுக்கு விலை குறையும்போது ஓட்டுநர்கள் வயிற்றெரிச்சலில், "பாலவிட உனக்குத்தான்க்கா கொழுப்பு அதிகம்" என்பார்கள். அவளும் விட்டுவிடுவாளா? "என்னைச் சுத்தவிட ஒரு இயந்திரம் கொண்டா, பார்த்துரலாம்" என்பாள்.

வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். அண்ணன், அதாவது லேபக்காவின் கணவன், லிஃப்ட் பழுதுபார்ப்பவன். தம்பி ஒரு கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், அடுப்படி மட்டும் பொது. தம்பி மனைவியை எல்லோரும் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். சின்னவளுக்குச் சாப்பாட்டில் இது வேண்டும் அது வேண்டாம் என்பதே கிடையாது. கறி, மீன், முட்டை, நேற்று மீந்தது, முந்தாநாள் மீந்தது, எதையும் விட மாட்டாள். மீன் தலையை அவள் உறிஞ்சும் சத்தம் தெரு வரை கேட்கும். லேபக்கா நேர் எதிர். கறி மீன் வாசனை சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குமட்டும். பால், தயிர், எப்போதாவது முட்டை, இவைதான் அவளுடைய சத்துச் சாப்பாடு.

கல்யாணமாகி எட்டு வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள்; அதை இங்கே எழுதி அந்த வாய்களுக்கு மறுபடி வேலை கொடுக்க வேண்டாம். கடைசியில் ஒருவழியாகத் தங்கியது. மசக்கையில் பால் வாசனை கூட ஆகாமல் போயிற்று. பால் நிலையத்திலேயே வேலை, பாலே ஆகாது! மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குழாய்களைச் சுழற்றினாள். சோற்றையும் காயையும் வைத்து ஓட்டினாள். பாப்பா பிறந்தாள். மூன்று வாரம் கழித்துச் சின்னவளுக்குப் பையன் பிறந்தான். அந்த வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை.

சின்னவளின் பையன் பிறந்ததிலிருந்து ஓயாத அழுகை. குடிப்பான், விடுவான், அழுவான், மறுபடி தேடுவான். சின்னவளுக்குப் பயம் பிடித்துவிட்டது.

"அக்கா, என் பாலைக் கொஞ்சம் பாருங்களேன். நீலம் பாய்ஞ்ச மாதிரி தண்ணியா இருக்குக்கா. இதுல அவனுக்கு என்ன ஒட்டும்?"

"பாக்குறதுல என்ன தெரியும்? ஒரு பாட்டில்ல புடிச்சுக் குடு, சோதிச்சே சொல்லிடறேன்" என்றாள் லேபக்கா. அவளுக்கு அது பெருமையாகவும் இருந்தது. ஊரார் பாலையெல்லாம் சோதிக்கிறவள் சொந்த வீட்டுப் பாலைச் சோதிக்கக் கூடாதா?

காலையில் பையன் விழிப்பதற்கு முன்பே, மார் கனத்திருந்தபோது, சின்னவள் பிழிந்து எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு முதலில் வந்த பால். லேபக்காவின் பால் வேறு மாதிரி வந்தது. பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மதியம் சோதனை அறையை ஒட்டிய சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பம்பு வைத்துப் பால் எடுப்பாள். முதலில் நிறைந்த பாட்டில்கள் பாப்பாவுக்கு. அவை நேராகக் குளிர்பெட்டிக்குப் போகும். பாப்பாவின் பங்கில் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் கடைசியில், மார் வற்றுகிற நேரத்தில் சொட்டுச் சொட்டாக வந்ததை மட்டும் சோதனைக்கு ஒதுக்கினாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுழற்றினாள். சின்னவளின் குழாயில் மஞ்சள் பட்டை நூல் மாதிரி நின்றது. அவளுடையதில் விரல் அகலம். லேபக்கா இரண்டு முறை பார்த்தாள். கைத்தவறு இருக்குமோ என்று மறுநாள் இன்னொரு முறை எடுத்து வரச் சொன்னாள். அன்றும் அதே கதைதான். லாரிப் பாலைக் கலக்காமல் அள்ளுகிற மாதிரி, ஒருத்தியிடம் முதலில் வந்ததையும் இன்னொருத்தியிடம் கடைசியில் வந்ததையும் ஒப்பிடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் கத்தியது தன் வீட்டு விஷயத்தில் அவள் காதிலேயே விழவில்லை.

"மறைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. உன்னோடதுல கொழுப்பு நூத்துக்கு ரெண்டு கூட இல்ல. என்னோடது அஞ்சுக்கு மேல" என்றாள்.

சின்னவளின் முகம் சுருங்கியது. "இவ்வளவு சாப்பிடறேனேக்கா."

"சாப்பிடறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நல்லா தீனி திங்கிற மாடும் தண்ணிப்பால் கறக்கும். உன் உடம்பு வாகு அது. புள்ளைய வாட்டாத, டப்பாப் பால் குடு."

டப்பாப் பால் வந்தது. பையன் குடித்துவிட்டுத் தூங்கினான். அது போதுமே, எல்லோரும் லேபக்காவின் கண்ணாடிக் குழாயைக் கொண்டாடினார்கள். சின்னவள் மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கல்லாகிப்போன மார்பைப் பிழிந்து தரையில் விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். கொஞ்ச நாளில் அதற்கும் வேலையில்லாமல் போனது. பால் வற்றிவிட்டது.

அடுத்து பாப்பாவின் முறை. சாயங்காலமானால் கால்களை மடக்கி, முகம் சிவந்து, வீல் என்று கத்தும். கன்னத்தில் சொறி மாதிரி தடித்தது. தடுப்பூசி போடும் இடத்தில் வரிசையில் நின்ற ஒரு பெண், "நீ திங்கிறதுதாம்மா பால்ல போய் புள்ளைக்கு வயித்தைப் பிடிக்குது" என்றாள். அந்தப் பெண் சொன்னதற்காக மட்டும் லேபக்கா நம்பிவிடவில்லை. அவளே கண்ணாலும் மூக்காலும் அறிந்த உண்மை அது. மாடு காட்டு வெங்காயத்தைத் தின்றுவிட்டால் பாலில் அந்த நாற்றம் வரும். மூடியைத் திறந்து மோந்து பார்த்தே எத்தனையோ கேனை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். தாய் தின்பது பாலுக்குள் போகும் என்பதில் அவளுக்கு யாரைவிடவும் நிச்சயம் அதிகம்.

ஆகவே நிறுத்தினாள். முதலில் வெங்காயம், பூண்டு. அப்புறம் பருப்பு, கோஸ். கத்தல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாவது நான்காவது மாதத்தில் எந்தக் குழந்தைக்கும் அந்தக் கத்தல் தானாகவே அடங்கும் என்று அவளுக்கு யார் சொல்வது? பாலை நிறுத்தினாள், சொறி மறைந்தது. தயிரை நிறுத்தினாள். முட்டையை நிறுத்தினாள். எது பாலுக்குள் போய்விடுமோ என்றுதான் அவளுக்குப் பயம். எது போகாமல் இருந்துவிடும் என்று ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. கடைசியில் அவள் தட்டில் சோறு, இரண்டு காய், உப்பு, ஒரு பழம் மட்டும் மிஞ்சின.

"இதைத் தின்னுட்டு எப்படிக்கா பால் குடுக்கறீங்க? ஒரு முட்டையாவது சாப்பிடுங்க" என்று சின்னவள் கெஞ்சுவாள்.

"நாக்குக்கு ருசி கேட்டா புள்ளைக்குக் கேடு. அவ பெருசாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

நாக்கு ருசி கேட்கிற நிலையிலும் இல்லை. உப்பு பட்டாலே எரிந்தது. உள்ளங்கால் மரத்துப்போய், தரையில் பஞ்சு விரித்த மாதிரி இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, வேலையில் நாளெல்லாம் நிற்கிற கால் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பாப்பா அமைதியானாள். அதுதான் கொடுமை. கத்தல் போனது, பிறகு அழுகையும் போனது. போட்ட இடத்தில் கிடப்பாள். பசித்தாலும் முனகுவாளே தவிர வாய்விட்டு அழ மாட்டாள். பார்க்க வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். "குழந்தைன்னா இப்படி இருக்கணும். வீட்ல புள்ள இருக்கறதே தெரியல." ஓயாமல் கத்திக்கொண்டும், கண்டதை இழுத்துக்கொண்டும் இருந்த சின்னவளின் பையனைக் காட்டி, "இவனும் இருக்கானே" என்றார்கள். லேபக்காவுக்கு மனம் குளிர்ந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியதற்குக் கைமேல் பலன் என்று நினைத்தாள். அந்த நாட்களில் அவளைப் போலச் சந்தோஷமான மனுஷி அந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டாள்.

கணவனுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. வேலை முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டுப் பாப்பாவின் முன்னால் உட்கார்ந்து நாக்கைத் துருத்துவான், குரங்கு மாதிரி கத்துவான், லிஃப்ட் மணி அடிக்கிற மாதிரி வாயால் சத்தம் போடுவான். முன்பெல்லாம் அதற்குக் கெக்கே என்று சிரித்தவள் இப்போது அவன் காதுக்கு அந்தப்பக்கம் எங்கேயோ பார்த்தாள்.

"ஏன் இவ என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டேங்குறா? முன்னாடி சிரிச்சாளே."

"உங்க மூஞ்சி பழகிப்போச்சு. தினமும் அதே குரங்கு வேஷம் போட்டா யாரு சிரிப்பா?"

"விளையாட்டுக்குச் சொல்லல. சோறு மசிச்சு வெச்சா துப்பறா. கையில குடுத்தா எதையும் பிடிக்க மாட்டேங்குறா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோமா?"

"எடை குறையல. ஊசி போடற அம்மா நல்லா இருக்கான்னுதான் சொன்னாங்க. போன வாரம் கூட பாலைச் சோதிச்சேன், அஞ்சுக்கு மேல. வேற எவளுக்கு இருக்கு இந்தப் பால்? சில புள்ளைங்க மெதுவாத்தான் வரும்."

வாரம் தவறாமல் சோதித்தாள். சந்தேகம் லேசாகத் தலைகாட்டும்போதெல்லாம் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிச் சொட்டுகளைப் பிடித்து, சுழற்றி, அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வெளியே வருவாள். கணவன் வாயால் சொன்னது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கண்ணாடிக் குழாய் சொன்னதை நம்பினாள்.

ஒரு விடுமுறை மதியம் கூடத்தில் பாய் விரித்து இரண்டு குழந்தைகளையும் விட்டிருந்தார்கள். சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், லேபக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பையன் தவழ்ந்துபோய்ப் பாப்பாவின் தலைமுடியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து இழுத்தான். "டேய், விடுடா" என்று சின்னவள் எழுந்து ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் அவன் தன் பலத்தையெல்லாம் காட்டிவிட்டான். பாப்பாவின் தலை அவன் இழுத்த பக்கமெல்லாம் போனது. கழுத்து நிற்கவில்லை. முடி நாலைந்து பிடுங்கிக்கொண்டு அவன் கையோடு வந்தது. பாப்பா அழவில்லை. வலித்த மாதிரி முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை. கண் திறந்தபடி கிடந்தாள்.

லேபக்கா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். பாப்பாவைத் தூக்கி உட்கார வைத்தாள், சரிந்தாள். மறுபடி உட்கார வைத்தாள், மறுபடி சரிந்தாள். போன மாதம் உட்கார்ந்தவள்தானே? போன மாதமா, அதற்கும் முந்தியா? அவளுக்கே ஞாபகம் வரவில்லை. "அக்கா, இவ அழலையேக்கா" என்றாள் சின்னவள். அந்தக் குரலைக் கேட்டதும் லேபக்கா பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

குழந்தை டாக்டர் குள்ளமான, அதிகம் பேசாத ஒரு பெண். பாப்பாவின் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். விரல் முட்டிகளில் கறுத்திருந்ததைத் தடவிப் பார்த்தார். பிறகு குழந்தையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தார்.

"நாக்கை நீட்டுங்க."

"எனக்கா டாக்டர்? குழந்தைக்குத்தான்..."

"உங்களைத்தான். நீட்டுங்க."

நீட்டினாள். நாக்கு செக்கச்செவேல் என்று வழுவழுவென்று இருந்தது.

"என்ன சாப்பிடறீங்க?"

லேபக்கா சொன்னாள். கறி மீன் எப்போதும் இல்லை, பால் இல்லை, தயிர் இல்லை, முட்டை இல்லை, குழந்தைக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்லும்போது அவள் குரலில் அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை இருந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

ரத்தம் எடுத்தார்கள், தாய்க்கும் பிள்ளைக்கும். இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே விட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. பி-12. கணவன் வேலையை விட்டு ஓடிவந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு பக்கத்தில் நின்றான். டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"தாய்ப்பால்ல சில சத்து நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் வந்துடும். சுண்ணாம்புச் சத்து குறைஞ்சா உங்க எலும்புல இருந்து எடுத்துக் குடுத்துடும் உடம்பு. ஆனா இது அப்படி இல்ல. உங்ககிட்ட இருந்தாத்தான் பால்ல வரும். கறி, மீன், முட்டை, பால், இதுலதான் கிடைக்கும். எல்லாத்தையும் நிறுத்திட்டீங்க. நரம்பு வளர்றதுக்கும் மூளை வளர்றதுக்கும் அதுதான் வேணும். குழந்தை அமைதியாகல. அணைஞ்சுக்கிட்டு இருந்திருக்கா."

"கொழுப்பு அஞ்சுக்கு மேல இருந்துச்சு டாக்டர்" என்றாள் லேபக்கா. "நானே சோதிச்சேன். வாராவாரம்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. கணவன் அவள் வேலையைச் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ள லேசாக இருந்திருக்கும்.

"கொழுப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அதுவும் எந்தப் பாலைச் சோதிச்சீங்க, முதல்ல வந்ததா கடைசில வந்ததா? முதல்ல தண்ணியாத்தான் வரும், போகப்போகக் கெட்டியாகும். எந்தத் தாய்க்கும் அப்படித்தான்."

டாக்டர் அப்புறம் ஊசி பற்றிச் சொன்னதெல்லாம் லேபக்காவின் காதில் ஏறவில்லை. ஒரு பாட்டில் காலையில் எடுத்தது, ஒரு பாட்டில் கடைசியில் எடுத்தது. கலக்கவில்லை. கலக்காமல் கொண்டுவந்தவனைப் பத்துப் பேர் முன்னால் நாய்போலத் திட்டுவாளே, அதே தப்பை அவளே செய்து, அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு பச்சை உடம்புக்காரியின் முன்னால் போட்டிருந்தாள்.

வெளியே பெஞ்சில் சின்னவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னக்கா சொன்னாங்க?"

"ஏதோ விட்டமின் குறைச்சலாம். ஊசி போட்டா சரியாயிடுமாம்" என்றாள் லேபக்கா. அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஊசி போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் பாப்பா கண்ணைத் திருப்பினாள். ஒரு காலை நேரத்தில், பசிக்கு, வாயைக் கோணி, வீரிட்டு அழுதாள். கணவன் குளித்துக்கொண்டிருந்தவன் சோப்பு நுரையோடு ஓடிவந்தான். மாடியிலிருந்து தம்பி இறங்கிவந்தான். அழுகிற குழந்தையைச் சுற்றி நின்று நாலு பேர் சிரித்தது அன்றைக்குத்தான். லேபக்கா அழுதுகொண்டே சிரித்தாள். போனதெல்லாம் வந்துவிடும் என்று நம்பினாள்.

பிறகு பாப்பாவின் கையும் நாக்கும் நடுங்கத் தொடங்கின. சிகிச்சை தொடங்கினால் சில குழந்தைகளுக்கு அப்படி வரும், போய்விடும் என்றார் டாக்டர். நடுக்கம் போனது. ஆனால் அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்களோ அது வரவில்லை. லேபக்கா தானும் ஊசி போட்டுக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டை தின்றாள், மீன் தின்றாள். வாந்தி எடுத்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி தின்றாள். மீனில் முள் எடுத்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தவள் சின்னவள்தான். "இன்னும் ஒரு வாய்க்கா, பாப்பாவுக்காக" என்பாள். ஒவ்வொரு வாய்க்கும் லேபக்காவுக்குச் சொல்லிவிடலாம் என்று நெஞ்சு வரை வரும். மீனோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுவாள்.

இப்போது அவள் பாலில் எல்லாம் இருந்தது. சோதித்துப் பார்க்க அவள் போகவில்லை. வேலையில் யாராவது கலக்காமல் எடுத்து வந்தால் வாங்கி வைத்துக்கொண்டாள். "என்னக்கா, திட்டவே இல்ல?" என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். அவள் அடுத்த குழாயை எடுத்தாள். நாளாக ஆக அவர்களும் கேலியை விட்டுவிட்டார்கள்.

முதல் பிறந்தநாள் வந்தது, போனது. சின்னவளின் பையன் சுவரைப் பிடிக்காமல் நடந்தான். லேபக்காவைப் "பெம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே புடவையைப் பிடித்து இழுத்தான். பெரியம்மா என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. பாப்பா தலையணை முட்டுக்கொடுத்தால் உட்கார்ந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பாள், சுழலும் விசிறியைப் பார்ப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கணவன் குரங்கு வேஷத்தை விட்டுவிட்டிருந்தான். வந்ததும் கை கழுவிவிட்டு, கொஞ்ச நேரம் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் கூட மனைவியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சும் பெரிதாக இல்லை.

மறுபடி டாக்டரிடம் போக வேண்டிய நாளில் அவனுக்கு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. "நான் வரேன்க்கா, ஒத்தையா எப்படிப் போவீங்க?" என்று சின்னவள் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்ல லேபக்கா ஒரு காரணம் தேடினாள், கிடைக்கவில்லை.

டாக்டர் பாப்பாவின் முன்னால் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார், பொம்மையைத் துணியால் மூடித் திறந்தார், கையைக் காலை மடக்கி நீட்டினார். கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு இரண்டு பெண்களையும் உட்காரச் சொன்னார்.

"ரத்தம் சரியாயிடுச்சு. ஊசியால ஆகுறது இவ்வளவுதான். ஆனா மூளை வேகமா வளர வேண்டிய மாசங்கள்ல அதுக்கு வேண்டியது கிடைக்கல. அந்த மாசங்களை இனிமே யாராலயும் திருப்பித் தர முடியாது. பயிற்சி குடுப்போம். நடப்பா, நாளாகும். பேச்சு எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியல. உங்களுக்குப் பொய்யா நம்பிக்கை குடுக்க எனக்கு இஷ்டம் இல்ல."

லேபக்கா தலையை ஆட்டினாள். அவளுக்கு இது தெரிந்தே இருந்தது. பாப்பா சின்னவளின் மடியில் இருந்தாள். சின்னவள் அவள் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"டாக்டர், தெரியாமத்தான் கேக்கறேன். எல்லாம் சாப்பிடறவங்க பால்ல அந்த விட்டமின் இருக்குமா?"

"இருக்கும். நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"நான் எல்லாமே சாப்பிடுவேன். ஆனா என் பால் வெறும் தண்ணி டாக்டர். அக்கா சோதிச்சுப் பார்த்தாங்க. அதனாலதான் பையனுக்கு டப்பாப் பால்."

"எப்ப எடுத்துச் சோதிச்சது?"

"காலைல, அவன் எந்திரிக்கறதுக்கு முன்னாடி."

டாக்டர் லேபக்காவை ஒரு கணம் பார்த்தார். பிறகு சின்னவளிடம் சொன்னார். "முதல்ல எடுத்தா யாருக்கும் அப்படித்தான்மா இருக்கும். உங்க பால்ல ஒரு குறையும் இருந்திருக்காது. போன தடவையே அவங்ககிட்ட சொன்னேனே."

வெளியே யாரோ ஒரு குழந்தைக்கு ஊசி போட்டார்கள் போலிருக்கிறது, அது ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது.

படிக்கட்டுக்கு வந்ததும் சின்னவள் நின்றாள்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்."

அவள் கத்த வேண்டும் என்று லேபக்கா காத்திருந்தாள். குளியலறையில் பிழிந்து ஊற்றியதையெல்லாம் சொல்லிக்காட்டட்டும், என் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கினாயே என்று தலைமயிரைப் பிடித்து உலுக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். சின்னவள் கத்தவில்லை. பாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, வேறு யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"வத்தாம இருந்திருந்தா ஒரு பக்கம் அவனையும் ஒரு பக்கம் இவளையும் போட்டுக்கிட்டிருப்பேனேக்கா. நீங்க வேலைக்குப் போற நேரமெல்லாம் இவ என்கிட்டதானே இருந்தா. இவளுக்கு வேண்டிய பால் ஒரே வீட்ல இருந்துச்சேக்கா."

லேபக்கா இரண்டு கையையும் நீட்டினாள், குழந்தையை வாங்க.

"இருக்கட்டும், நானே தூக்கிக்கறேன்" என்றாள் சின்னவள். பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கீழே இறங்கினாள். லேபக்கா துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். சின்னவளின் தோளுக்கு மேலே பாப்பாவின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை.